கயிற்றுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி, வலையும் மிதவையும் கயிறும் விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே கயிற்றை மீட்டரில் அளப்பதில்லை. தராசில் வைத்துக் கிலோ கணக்கில் கொடுக்கிறார்கள். ஃபெஞ்சல் புயல் போய் இரண்டு மாதம் கழித்து, ஒரு தை மாதக் காலையில், மரம் ஏறுவதற்குக் கயிறு தேடி அப்படியொரு கடையில் நின்று, பெருவிரல் பருமனில் பச்சையாகச் சுருட்டி வைத்திருந்த கயிற்றைக் காட்டி விலை கேட்டேன்.

"எதைக் கட்டப் போறீங்க சார், போட்டா, மாடா?"

"ஆளை" என்றேன்.

கடைக்காரர் கையில் எடுத்திருந்த முனையைத் திரும்பச் சுருளின் மேலேயே போட்டார். "ஆளுக்குன்னா நம்மகிட்ட இல்ல சார்." அவர் அன்று விற்றிருந்தால் நான் வாங்கியிருப்பேன், இரண்டு கிலோ.

அந்தப் பச்சைக் கயிறு பாலிபுரொப்பிலீன் இழையால் ஆனது. தண்ணீரில் மிதக்கும், உப்புநீரில் மக்காது, விலையும் குறைவு. படகுக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வெயிலில் கிடந்தால் இழைகள் நொறுங்கி உதிரத் தொடங்கும். ஏறத்தாழ 165 பாகை செல்சியஸில் உருகிவிடும். மூன்று புரியாக முறுக்கிய கயிறு என்பதால், அதில் தொங்கும் ஆள் முறுக்கு அவிழும் பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். "ஒரு டன் தாங்கும்" என்று யாரேனும் சொன்னால் அது பொய்யாகக்கூட இருக்காது. மரம் ஏறுகிறவருக்குக் கேள்வி அதுவல்ல என்பதுதான் எனக்கு அப்போது தெரியாமல் இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மாமரம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பக்கத்தில் நின்ற வேம்பும் இரண்டு தென்னைகளும் சாய்ந்தன, மாமரம் தப்பியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய அந்த இரவில், மாமரத்தின் மேல்கிளை ஒன்று முறிந்து, கீழே விழாமல் இன்னொரு கிளையின் கவையில் மாட்டித் தொங்கியது. அதை இறக்க, புதுச்சேரிப் பக்கம் மரப் பராமரிப்பு வேலை செய்யும் இளைஞர் ஒருவரை வரவழைத்தோம். அவர் அரிவாளைப் பல்லில் கடித்துக்கொண்டு தொற்றி ஏறவில்லை. முதலில் ஒரு சிறு எடைப்பையை வீசினார். அதன் பின்னால் மெல்லிய நூலும், நூலின் பின்னால் கயிறும் போயின. பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போல மேலே போனார். எனக்கு நாற்பத்து நான்கு வயது, தொந்தியும் உண்டு. பன்னிரண்டு வயதில் அதே மரத்தில் கயிறில்லாமல் ஏறிய நினைவும் உண்டு. கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "ஏறக் கத்துக்கங்க அண்ணே, வெட்டுறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

அவர் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. பாறை ஏறும் பழக்கமுள்ள ஒரு நண்பரிடமிருந்து அவர் அதிகம் பயன்படுத்தாத 10.2 மில்லிமீட்டர் கயிறு ஒன்றை வாங்கினேன். உயிரை நம்பித் தொங்குவதற்கென்றே தயாரிக்கப்பட்ட, சான்று பெற்ற, நல்ல கயிறு. எடை ஏறினால் கயிற்றை இறுகப் பிடிக்கும் பற்றுமுடிச்சைப் போடுவதற்கான துணைக்கயிற்றை வேறோர் இடத்தில் வாங்கினேன். தடிமன் இருந்தால் பலம் இருக்கும் என்று எண்ணி 10 மில்லிமீட்டரே வாங்கினேன். இரண்டுமே தரமானவை, இரண்டின் மேலும் சான்றெண் அச்சிட்டிருந்தது. மாமரத்தின் தாழ்ந்த கிளையில் கயிற்றைப் போட்டு, புரூசிக் என்ற பற்றுமுடிச்சைக் கட்டி, உட்கார்ந்து பார்த்தேன். முதல் இரண்டு அடிக் கயிற்றை இழுத்தும் என் குதிகால் தரையை விட்டு எழவில்லை. கயிறு நீண்டுகொண்டே வந்தது. ஒருவழியாக இடுப்பு உயரத்துக்கு எழும்பிக் கையை விட்டதும், முடிச்சு கயிற்றைப் பிடிக்காமல் ஒரு மென்மையான சீறலோடு வழுக்கி என்னைத் தரையில் உட்கார வைத்தது. அடிபட்டது பெருமைக்கு மட்டும்தான். மூன்றடி உயரம் என்பதால்.

அடுத்த வாரம் வந்த இளைஞர் இரண்டு கயிற்றையும் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்ல கயிறு அண்ணே. ஆனா ரெண்டுக்கும் பொருத்தம் இல்ல" என்றார். ஜாதகம் பார்ப்பவர் சொல்வது போலவே இருந்தது.

முதலில் நீட்சியைச் சொல்கிறேன். இக்காலக் கயிறுகளில் பெரும்பாலானவை உள்ளே எடை தாங்கும் இழைக்கற்றையும் வெளியே அதைக் காக்கும் பின்னல் உறையும் கொண்டவை. பாறை ஏறுகிறவர் கயிற்றை மாட்டிய கடைசிப் பிடிக்கு மேலே ஏறிப்போய் அங்கிருந்து விழக்கூடும். அந்த அதிர்ச்சியைக் கயிறே நீண்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நண்பர் கொடுத்ததைப் போன்ற டைனமிக் கயிற்றை வேண்டுமென்றே இழுபடும்படி நெய்கிறார்கள். ஈ.என். 892 என்ற ஐரோப்பியத் தரம், தனிக் கயிறாகப் பயன்படுத்தும் டைனமிக் கயிறு 80 கிலோ எடையில் பத்து விழுக்காடு வரை நீளலாம் என்கிறது. மரம் ஏறுகிறவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருடைய கயிறு தலைக்கு மேலே உள்ள கிளையில் கிடக்கிறது. தொய்வே இல்லாமல் அதில் உட்கார்ந்தபடிதான் அவர் நகர்கிறார். அவருக்கு வேண்டியது நீளாத கயிறு. ஈ.என். 1891 தரத்தின் ஏ வகைக் கயிறு, 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்கு எடை கூடும்போது ஐந்து விழுக்காட்டுக்கு மேல் நீளக் கூடாது. 22 கிலோ நியூட்டன் வரை அறுபடாமல் தாங்க வேண்டும். ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிலோ எடைக்குச் சமம், ஆகவே இது இரண்டு டன்னுக்கும் மேல். இதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலைக்கான எடையாகக் கொள்ளும் வழக்கம் இருக்கிறது. முடிச்சும், தேய்மானமும், திடீர் உலுக்கலும் மீதியைத் தின்னும்.

நீளாத கயிற்றுக்கு ஒரு விலை உண்டு: அதில் விழக் கூடாது. பிடிக்கு மேலே ஏறி, தொய்ந்த கயிற்றோடு விழுந்தால் அந்த அதிர்ச்சி அப்படியே இடுப்புக்கு வந்து சேரும். ஆகவே நீளாத கயிறு என்பதும் தொய்வு விடாமல் ஏறுவது என்பதும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள். ஒன்றை வாங்கி மற்றதைப் பழகாதவர், பழைய டைனமிக் கயிற்றோடு இருந்தவரைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்.

அடுத்தது பற்றுமுடிச்சு. கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்டு, அவர் பெயராலேயே வழங்கும் முடிச்சும் அதன் வழிவந்த பலவும் ஒரே தத்துவத்தில் வேலை செய்கின்றன: மெல்லிய துணைக்கயிறு தடித்த கயிற்றைச் சுற்றி வளைந்து, எடை ஏறியதும் இறுக்கிக் கடிக்கிறது. கடிக்க வேண்டுமென்றால் துணைக்கயிறு கூர்மையாக வளைய வேண்டும், அதற்கு அது பிரதானக் கயிற்றைவிட மெலிதாக இருக்க வேண்டும். 11 முதல் 13 மில்லிமீட்டர் வரையுள்ள மரக்கயிற்றுக்கு 8 முதல் 10 வரை என்பது நடைமுறை. என் 10.2க்கு 10 என்பது யானைக் காலை யானைத் துதிக்கையால் கட்டுவது போன்றது. ரொம்பவும் மெலிந்தாலும் தொல்லைதான். இறுகிய முடிச்சு அவிழாமல், இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்திருக்க நேரும். பிளேக் முடிச்சு மட்டும் இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு. கயிற்றின் சொந்த வாலாலேயே, அதே தடிமனில் கட்டலாம். பதினாறு இழைப் பின்னல் கயிறு, பிளேக் முடிச்சு, ஒரு கவை: இவ்வளவில் தொடங்குவதே எளிது என்று சொல்லும் பழைய கைகள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

துணைக்கயிற்றில் தடிமனோடு வெப்பத்தையும் பார்க்க வேண்டும். இறங்கும்போது முடிச்சு கயிற்றின் மேல் உரசிக்கொண்டே வருகிறது. டைனீமா என்று விற்கும் இழை, எடைக்கு எடை எஃகை மிஞ்சும் என்று பெயர் பெற்றது. வழவழப்பாகவும் அழகாகவும் இருக்கும், தூண்டில் போடுகிறவர்கள்கூட அறிவார்கள். அது உருகும் வெப்பம் 150 பாகையை ஒட்டியே இருக்கிறது, வழவழப்பால் பிடிப்பும் குறைவு. நைலானும் பாலியெஸ்டரும் 200 பாகையைத் தாண்டித் தாங்கும். அராமிட் வகை இழைகள் உருகுவதே இல்லை, மிக உயர்ந்த வெப்பத்தில் கருகத்தான் செய்யும். ஆகவே பற்றுமுடிச்சுக்கு அராமிட் கலந்த உறையுள்ள துணைக்கயிற்றை வாங்குகிறார்கள். வேகமாக இறங்கியவரின் சாதாரண நைலான் துணைக்கயிற்றைத் தடவிப் பார்த்தால் உள்பக்கம் கண்ணாடி போல மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு உருகி ஆறிய இழை.

முடிச்சு வேண்டாம், கருவி வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் இதே கதைதான். என் ஆசான் (என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், இருந்தாலும் ஆசான்தான்) வைத்திருக்கும் பெட்சல் ஜிக்ஜாக் கருவி 11.5 முதல் 13 மில்லிமீட்டர் வரையுள்ள கயிற்றை ஏற்கும். பாறை ஏறுகிறவர்களின் கிரிகிரி 8.5 முதல் 11 வரை ஏற்கும். ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குவதுகூட இல்லை. நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி. அந்த அரை மில்லிமீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது, கயிற்றின் முனையில் ஒட்டியிருக்கும் சீட்டில்தான் படிக்க வேண்டும். அதனால்தான் கயிற்றை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நான் கடைசியில் வாங்கியது 12 மில்லிமீட்டர், இருபத்து நான்கு இழைப் பின்னல், பாலியெஸ்டர் உறை, 45 மீட்டர் நீளம். மாமரத்தில் கயிற்றைப் போடும் பிடிக்கிளை ஒன்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரட்டையாகத் தொங்கவிட்டால் பதினெட்டு மீட்டர் போய்விடும். பக்கவாட்டுக் கிளைக்கு நகரவும், முனையில் தடைமுடிச்சுப் போடவும் மிச்சம் வேண்டும். நைலான் நனைந்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இழக்கும், பாலியெஸ்டர் அவ்வளவாக இழக்காது. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊரில் எதுதான் நனையாமல் இருக்கிறது?

இந்த இடத்தில் ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, புதுச்சேரியில் இல்லை. ஆகவே தென்பெண்ணையைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனால் பனையேறிகளை இன்னும் வேலையில் பார்க்கலாம். கயிறு பற்றிய பித்து தலைக்கேறியிருந்த நாள்களில் ஒருவரிடம் அவருடைய தளைநாரைத் தொட்டுப் பார்க்கக் கேட்டேன். பனைமட்டை நாரை முறுக்கிச் செய்த, பாதங்கள் இரண்டையும் பிணைக்கும் வளையம். தடிமன் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. ஏறுவதற்கு முன் அதைத் தண்ணீரில் நனைத்துக்கொள்கிறார். நான் வாங்கிக் காலில் மாட்டிப் பார்க்கப் போனேன், தடுத்தார். "என் தளை என் மவனுக்கே ஆகாது தம்பி. அவன் பாதம் வேற, அவன் ஏறுற மரம் வேற." கடையில் 11.5 என்றும் 13 என்றும் சீட்டில் அச்சிடுவதை அவர் கால் அகலத்திலும் மரத்தின் சுற்றளவிலும் வைத்திருக்கிறார். ஆனால் கால் தவறினால் தாங்குவதற்கு அவரிடம் வேறெதுவும் இல்லை என்பதையும் நான் மறக்கவில்லை. பழைய முறை என்பதற்காக அதைப் பாடிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

இரும்புச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், உண்மையில் அவை பெரும்பாலும் அலுமினியம். கயிற்றையும் இடுப்புப் பட்டையையும் இணைக்கும் பூட்டுக் கொக்கியான காராபினரின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும்: நீளவாக்கில் எவ்வளவு, வாய் திறந்திருந்தால் எவ்வளவு, குறுக்காக இழுத்தால் எவ்வளவு. முதல் எண் 22 அல்லது 24 என்றிருக்கும் அதே காராபினரில் மற்ற இரண்டும் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டாது. ஆகவே அகலமான பட்டையை நெருக்கி மாட்டினாலும், சிறு வளையத்தில் திருகிக் கிடந்தாலும், பெரிய எண்ணை நம்பி நாம் சிறிய எண்ணில் தொங்கிக்கொண்டிருப்போம். மரத்தில் கிளைகளும் கயிறும் பூட்டை உரசித் திறக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், திருகுப் பூட்டைவிட, தானாக மூடி, தூக்கித் திருப்பி அழுத்தினால் மட்டும் திறக்கும் மூன்று செயல் பூட்டே நல்லது. கடற்காற்றில் இந்தப் பூட்டின் சுருள்வில் மாதக்கணக்கில் உப்புக் கோத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

உடலில் மாட்டித் தொங்குவதற்கான பட்டைக்கச்சை, அதாவது ஹார்னஸ் வாங்குவதில்தான் நம் ஊரில் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். கட்டுமானச் சாமான் கடையில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரையோடு உடல் முழுக்க மாட்டும் ஹார்னஸ் கிடைக்கிறது. அதுவும் நல்ல பொருள்தான். ஆனால் அதன் வளையம் முதுகில் இருக்கிறது, விழுகிற கொத்தனாரைப் பிடித்து நிறுத்துவதற்காக. மரத்தில் நாம் விழுவதற்காகத் தொங்கவில்லை, உட்காருவதற்காகத் தொங்குகிறோம். அதற்கு இடுப்பையும் தொடைகளையும் தாங்கி, முன்பக்கம் தாழ்வாக இணைப்பும், பக்கவாட்டில் துணைக்கயிறு மாட்ட வளையங்களும் உள்ள மரவேலை ஹார்னஸ் வேண்டும். ஐரோப்பிய எண்களில் ஈ.என். 813, ஈ.என். 358 இரண்டும் அதன் சீட்டில் இருக்கும். வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் அதில் தொங்கிப் பாருங்கள். எனக்குப் பத்தாவது நிமிடத்தில் தொடை மரத்துப்போனது. பட்டையை இரண்டு துளை தளர்த்தியதும் சரியானது. அசையாமல் தொங்குவதே உடம்புக்குக் கேடு, மயக்கம் வரலாம். ஆகவே இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்காமல் நான் ஏறுவதில்லை.

தலைக்கவசத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. கட்டடத் தொழிலாளிகளின் கவசத்துக்கான ஈ.என். 397 தரத்தில், தாடைப்பட்டை ஓரளவு இழுவைக்குப் பிறகு, அதாவது 150 முதல் 250 நியூட்டனுக்குள், விட்டுவிட வேண்டும். கவசம் எங்காவது மாட்டிக்கொண்டால் பட்டை கழுத்தை நெரிக்கக் கூடாது என்பதற்காக. மலையேறிகளின் ஈ.என். 12492 தரத்தில் அதே பட்டை 500 நியூட்டன் வரை தாங்க வேண்டும். ஆள் ஊசலாடி மோதும்போது கவசம் தலையை விட்டுக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. ஒரே பட்டை, இரண்டு எதிரெதிர் விதிகள், இரண்டுக்கும் காரணம் உண்டு. மரத்தில் ஊசலாட்டமே பெரிய ஆபத்து என்று நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதாதா என்று என் மைத்துனர் கேட்டார். அதைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்க முடியாது. கீழிருந்து கூப்பிடுவதும் காதில் விழாது. அதைத் தலையில் போடாமல் வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகும் ஊர்க்காரர் சொல்கிற யோசனை என்பதால் நான் மேலும் வாதாடவில்லை.

வீசுநூலும் 340 கிராம் எடைப்பையும் தனி வித்தை. என் முதல் வீச்சு பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தை இங்கே வேண்டாம். வீசுவதற்கு முன் மரத்தைப் பார்க்க வேண்டும். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று கேட்டவர்கள் கயிறு கட்டிப் பார்த்தே கேட்டிருப்பார்கள். மயில்கொன்றை என்கிற குல்மோகரும் எளிதில் முறியும்; மாவும் புளியும் நம்பலாம், பட்டுப்போகாத கிளையாக இருந்தால். பிடிக்கிளை என் தொடைப் பருமனுக்குக் குறையக் கூடாது என்பது ஆசானின் விதி. அதிலும் கீழே நின்றபடி இரண்டு பேர் கயிற்றில் தொங்கிப் பார்த்த பிறகே ஒருவர் ஏறுவோம். மின்கம்பிக்கு மூன்று மீட்டர் தூரத்துக்குள் மரமோ கயிறோ இருந்தால் அன்று வேலை இல்லை. கயிறு நேரடியாகப் பட்டையில் உரசினால் மரத்துக்கும் கயிற்றுக்கும் சேர்ந்தே கேடு என்பதால், இரு வளையங்கள் தைத்த தோல்பட்டையைக் கிளையில் போட்டு அதன் வழியே கயிற்றை விடுகிறோம். மரத்தில் கடிக்கும் முசுறு எறும்புக்கு மட்டும் எந்தத் தரநிலையும் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்தால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கும் தொகை ஆகிவிடும். அவ்வளவு கொடுத்து வாங்கிய கயிற்றுப் பையை நான் கொண்டுபோய் வைத்த இடம் எது தெரியுமா? இன்வெர்ட்டர் பேட்டரியின் பக்கம், அலமாரியின் கீழ்த்தட்டில், எலி அண்டாத இடம் என்று. ஆசான் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதை எடுத்து வெளியே வைத்தார். பேட்டரி அமிலம் நைலான் இழையை அரிக்கும். ஒரு துளி பட்டாலும், ஆவி படிந்தாலும், வெளியே எந்தத் தடமும் இல்லாமல் உள்ளே பலம் போயிருக்கலாம். அந்தப் பையில் என் ஹார்னஸும் பழைய நைலான் துணைக்கயிறும் இருந்தன. துணைக்கயிற்றை அன்றே நான்கு துண்டாக வெட்டிப் போட்டேன்; முழுதாகக் கிடந்தால் என்றைக்காவது என் கை அதைத் தேடும். ஹார்னஸ் மட்டும் பிரிக்காத உறைக்குள் இருந்ததால், அதை வெயில் வெளிச்சத்தில் தையல் தையலாகப் பார்த்து வைத்துக்கொண்டோம்.

இப்போது ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் நாற்பத்தைந்து மீட்டரையும் விரல்களுக்கு நடுவே விட்டுத் தடவுகிறேன். தட்டையான இடம், கெட்டியான இடம், வளைத்தால் வட்டமாக வளையாமல் மடங்கும் இடம்: இவற்றைக் கண்ணைவிடக் கை முதலில் அறிகிறது. மாம்பால் பட்டால் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். ஒரு நோட்டில் தேதியும் மணிக்கணக்கும் எழுதி வைக்கிறேன். இதுவரை பத்தொன்பது வரிகள் ஆகியிருக்கின்றன.

மேலே போய் உட்கார்ந்திருப்பதோடு சரி, இன்னும் எதையும் வெட்டவில்லை. கைவாளை எடுக்கும் நாளில் கயிற்றோடு இன்னொரு இடத்திலும் கட்டியிருக்க வேண்டும். வாள் தவறுதலாகப் பட்டால் எளிதில் அறுந்துபோகாதபடி எஃகுக் கம்பி உள்ளே ஓடும் துணைக்கயிறு, அதற்கேற்ற பிடிகருவி, அந்தப் பிடிகருவி ஏற்கும் தடிமன் என்று மறுபடியும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பணம் இன்னும் சேரவில்லை. கைவாள் வாங்கி எட்டு மாதமாகிறது. சமையலறை ஆணியில், பிரிக்காத உறையோடு தொங்குகிறது.